தொட்டால்தான் ஆட்டம்

மேட்டூர் அணையை ஜனவரி 28இல் மூடினால், கொஞ்ச நாளில் எங்கள் ஊர் ஆறு வெறும் மணலாகிவிடும். அந்த மணல்தான் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மைதானம். அறுத்த வயலில் உளுந்து நிற்கும். களத்துமேடு பண்ணைக்குச் சொந்தம். ஆற்றை மட்டும்தான் யாரும் எங்களிடம் கேட்கவில்லை. அங்கேதான் சடுகுடு படித்தோம்.

1986 சித்திரையில் பக்கத்து ஊர்த் திருவிழாப் போட்டிக்குப் பெயர் கொடுத்தோம். அண்ணன்தான் பாடப் போவார். முதல் ஆட்டம் இன்னொரு சேரி அணியோடு, ஜெயித்தோம். அடுத்தது குடித்தெரு அணி. அவர்கள் கோட்டுக்குள் இறங்கவே இல்லை. ஒருத்தன் வாய்விட்டே கேட்டான்: “இவனுங்களக் கட்டிப் புடிச்சு உருளச் சொல்றீங்களா?”

விழாக்காரர் ஒருவர் வந்தார். “தம்பி, பரிசுல பாதிய வாங்கிக்கிட்டுப் போயிடுங்கப்பா.”

“பணம் வேணாங்க. எறங்கச் சொல்லுங்க” என்றார் அண்ணன். யாரும் இறங்கவில்லை. நடந்தே வீடு திரும்பினோம்.

சடுகுடுவில் தொடாமல் புள்ளி கிடையாது, பிடிக்காமல் வெற்றி கிடையாது. நாங்கள் நட்டு அறுத்த நெல்லைத் தின்னலாம், எங்கள் காலைப் பிடிக்கக் கூடாது. இந்த நியாயத்தை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். அண்ணன் அந்த வருஷமே திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்.

2014இல் புரோ கபடி தொடங்கியது. 8 அணிகள், தமிழ்நாட்டுக்கு ஒன்றுகூட இல்லை. தஞ்சை மாவட்டத்துக்காரரான தர்மராஜ் சேரலாதன் 2016இல் பாட்னா அணிக்குத் தலைவராக நின்று கோப்பை வாங்கினார். நாற்பது வயதைத் தாண்டிய ஆள். திருப்பூரிலிருந்து அண்ணன் போனில் கத்தினார்: “நம்ம பக்கத்து ஆளுடா!”

2017இல் தமிழ் தலைவாஸ் வந்தது. பங்குதாரர்களில் சச்சின் டெண்டுல்கர் ஒருவர். பயிற்சியாளர் நம் கே. பாஸ்கரன். அணித்தலைவர் இமாச்சலத்து அஜய் தாக்கூர். முதல் இரண்டு பருவமும் தன் பிரிவில் கடைசி, 2019இல் 12 அணிகளிலேயே கடைசி. 2022இல் 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்த பவன் ஷெராவத் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் அடிபட்டு வெளியேறினார். புதுப் பையன் நரேந்தர் 243 ரெய்டு புள்ளி எடுத்து அணியைத் தூக்கி நிறுத்தினான். அரையிறுதியில் புனேயிடம் தோற்றார்கள். 2025 வரை கோப்பை வரவில்லை. சேரலாதன் 2024இல்தான் இந்த அணிக்குப் பயிற்சியாளராக வந்தார்.

அண்ணன் ஒரு ஆட்டத்தையும் விடமாட்டார். ஆனால் ஒவ்வொரு தடவையும் கேட்பார்: “இதுல நம்ம புள்ளைங்க எத்தன பேருடா?”

ஏலத்தில் தெரு கேட்பதில்லை, உண்மைதான். ஆனால் அந்த ஏலம்வரை போகிற பாதை ஊர்த் திருவிழாப் போட்டி வழியாகத்தானே போகிறது? 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்த மணத்தி கணேசனும் கிராமத்து மண்ணில் ஆடி வந்தவர்தான். 2025இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற அணியின் கார்த்திகா, சென்னைக்குள்ளிருந்து பெயர்த்து எடுத்துப் போடப்பட்ட மக்கள் வாழும் கண்ணகி நகர்ப் பெண். வாசலில் மறிக்கப்பட்டு ஆற்றுமணலோடு நின்றுபோனவர்களை யார் கணக்கெடுத்தார்கள்?

போன சித்திரையில் அதே ஊர்ப் போட்டிக்கு எங்கள் பிள்ளைகள் பெயர் கொடுத்தார்கள். நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டார்கள். இந்தத் தடவை எதிரணி இறங்கியது. பிடித்தார்கள், உருண்டார்கள், எல்லோர் முதுகிலும் ஒரே புழுதி. வேலி ஓரம் நின்ற அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு போட்டி நோட்டீஸை வாங்கிப் பார்த்தார். மற்ற அணிகளுக்கெல்லாம் சிங்கம், புலி என்று அவரவர் வைத்த பெயர். எங்கள் பிள்ளைகள் வைத்த பெயரைக் காணோம். ‘காலனி’ என்று மட்டும் அச்சடித்திருந்தார்கள்.

அண்ணன் நோட்டீஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “வாடா, இதக் கேட்டுட்டு வந்துருவோம்” என்று விழாப் பந்தலைப் பார்த்து நடந்தார். நானும் போனேன்.