வெப்பம் செல்லும் வழி

காய்ச்சல் நோயன்று, நோயின் அறிகுறியே என்பர் மருத்துவர். வீட்டிலே பொருத்திய கணனியின் சூட்டுக்கும் இது பொருந்தும்.

என் தமையன் மகன், தகப்பனாரின் ஓராண்டுச் சேமிப்பைக் கொண்டு கணனியொன்றைத் தானே பொருத்தினான். சற்றுக் கடுமையான வேலை கொடுத்ததும் புரொசெஸரின் வெப்பநிலை 98 பாகை செல்சியசைத் தொட்டது. தன்னைக் காத்துக்கொள்ள அது வேகத்தையும் குறைத்தது. "புரொசெஸர் பழுது, சித்தப்பா, வேறு வாங்கத்தான் வேண்டும்" என்று கலங்கினான்.

"முதலில் வெப்பம் செல்லும் வழியை ஆராய்வோம்" என்றேன். புரொசெஸரிலிருந்து பசைக்கும், பசையிலிருந்து உலோகத் தகடுகளுக்கும், அங்கிருந்து விசிறியின் காற்றுக்கும் வெப்பம் செல்லுதல் வேண்டும். விசிறி சுழன்றது, தூசியுமில்லை. ஆனால், தகடுகளைத் தாய்ப்பலகையுடன் பிணைக்கும் நான்கு ஊசிகளுள் ஒன்று முற்றாக இறங்கவில்லை. அப்புறத்தில் மயிரிழை இடைவெளி இருந்தது. காற்றோ வெப்பத்தை அரிதிற் கடத்துவது. மின்னை நிறுத்தி, பழைய பசையைத் துடைத்து, பட்டாணியளவு புதிது வைத்து, எதிரெதிர் மூலைகளாக ஊசிகளை அழுத்தினோம். பின்னர் அதே வேலையில் 74 பாகையே காட்டிற்று.

நமது நாட்டில் அறையே 32 பாகையாயின், 22 பாகை அறையிலும் பார்க்கப் புரொசெஸர் ஏறக்குறையப் பத்துப் பாகை கூடவே காட்டும்; அதற்கு அஞ்ச வேண்டா. மாணவர்களே, பொருளை மாற்றுமுன் வழியைச் சோதியுங்கள். பெற்றோரின் பணமும் மிஞ்சும், பௌதிகமும் விளங்கும்.