ஓடி முடிச்சவளுக்கு என்ன சோறு?

முதுகைத் திருப்பிக்கொண்டுதான் அவள் டப்பாவைத் திறந்தாள்.

பூலாம்பாடிக்கு வெளியே பச்சைமலை தெரிகிற பக்கமாக ஒரு பொட்டல். விடியக்காலம் ஐந்து மணிக்கெல்லாம் காவலர் தேர்வுக்காகப் பெண்பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே ஓடுகிறார்கள். முக்கால்வாசி எங்க காலனிப் பிள்ளைகள். ஊர்த்தெருவிலிருந்து மூன்று பேர் வருகிறார்கள். நானூறு மீட்டரை இரண்டரை நிமிஷத்துக்குள் ஓடி முடிக்கணும். செல்போனில் நேரம் பார்த்துச் சொல்வது என் வேலை. எம்.ஏ. தமிழ் படித்தவளுக்கு இது என்ன வேலை என்று சிலர் கேட்கிறார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

ஓடி முடித்து எல்லாரும் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தோம். இவள் மட்டும் நாலு முழம் தள்ளிப்போய், மலையைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் பக்கத்தில் போனேன். படக்கென்று மூடினாள். "என்னா பாப்பா?" என்றேன். "ஒண்ணுமில்லக்கா, பழைய சோறு." மூடினாலும் வாசம் மறையவில்லை. ராத்திரி வைத்த மாட்டுக்கறிக் குழம்பு, சுண்டக் காய்ச்சியது. எனக்குத் தெரியாத வாசமா அது?

அந்த முதுகு என்னுடைய முதுகு. பதினைந்து வருஷத்துக்கு முந்தி நானும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது வேறொரு ஊரில் ஒருவர் தேர்வுக்குப் பயிற்சி கொடுத்தார். பணம் வாங்கவில்லை, நல்ல மனுசன் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். முதல் நாளே எல்லாருக்கும் ஒரு தாள் கொடுத்தார். ஓட்டம் முடிந்தபின் என்ன சாப்பிடணும் என்று எழுதியிருந்தது: பாதாம் பத்து, பால் ஒரு டம்ளர், வாழைப்பழம், பேரீச்சை, வேகவைத்த முட்டை. அதை வாசித்து முடித்துவிட்டு எங்களைப் பார்த்துச் சொன்னார்: "மாட்டுக்கறி கீட்டுக்கறி தின்னுட்டு வராதீங்க. உடம்பு கனத்துடும், புத்தி மந்தமாயிடும், கால் எழும்பாது." சொல்லும்போது எங்க நாலு பேரைத்தான் பார்த்தார். யாரும் அவரிடம் எங்க தெரு எது என்று சொல்லியிருக்கவில்லை.

அம்மாவிடம் வந்து இனிமேல் எனக்குக் கறி வேண்டாம் என்றேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, "ஏன், உனக்கு ஒத்துக்கலையா?" என்றது. இல்ல, ஓடறவங்க சாப்பிடக்கூடாதாம் என்றேன். "யாரு சொன்னா?" வாத்தியார். அம்மா அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. படித்தவங்க சொன்னால் சரியாத்தான் இருக்கும் என்று நினைத்திருக்கும். பாதாம் வாங்க எங்களுக்கு வக்கில்லை. பால் டீக்கு மட்டும் கால் லிட்டர். ஆக, கறியும் போச்சு, பாதாமும் வரவில்லை. ஓடிவிட்டு வந்து கடுந்தேத்தண்ணியும் இரண்டு பொறையும் தின்றுவிட்டு வெங்காயக் காட்டுக்கு வேலைக்குப் போனேன். அப்படியே நாலு மாசம்.

தேர்வன்று கடைசி வளைவில் கண் இருட்டியது. பதினொரு வினாடி பிந்திவிட்டேன். பின்னால் ஒரு காய்ச்சலுக்கு ரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் எட்டுதான் இருந்தது. பன்னிரண்டுக்குக் குறைந்தால் சோகை என்று கணக்கு. கறி தின்றிருந்தால் நான் போலீஸ் ஆகியிருப்பேன் என்று சொல்ல வரவில்லை. எட்டு கிராம் ரத்தத்தோடு ஓடுகிற பிள்ளையிடம் அவள் வீட்டு அடுப்பில் இருந்த ஒரே சத்தையும் விடச்சொன்னது யாருடைய அறிவு என்றுதான் கேட்கிறேன்.

உடற்பயிற்சி என்ற சொல் எங்க தெருவுக்கு வந்து ரொம்ப நாளாகவில்லை. அதற்கு முந்தி இருந்ததெல்லாம் பாடு. பருத்தி எடுக்கிறது, வெங்காயம் பிடுங்குறது, மக்காச்சோளக் கதிர் ஒடிக்கிறது. அம்மா ஒரு நாளில் குனிந்து நிமிர்ந்ததை எண்ணினால் எந்தப் பயிற்சியாளரும் வாயடைத்துப் போவார். பாடுபட்டு முடித்தபின் என்ன சாப்பிடலாம் என்று யாரும் அம்மாயியைக் கேட்டதில்லை. பண்ணைக்காரர் வீட்டுக் கொல்லையில் பனையோலைப் பட்டையைப் பிடிக்கணும், ஊற்றுகிற கூழைக் குடிக்கணும், அவ்வளவுதான். உப்பு வேணும் என்று கேட்கவே அம்மாயிக்குப் பயமாம். "அவுக ஊத்துறதுதான் கணக்கு" என்று சொல்லும். அந்த வீட்டுப் பேத்தி இன்றைக்கு, ஓடி முடித்தபின் நான் எதைச் சாப்பிடுவது என்று யோசிக்கிறாள். இந்த யோசனையே எங்களுக்குப் புதுசு. அதனால்தான் யார் தாளில் எழுதிக் கொடுத்தாலும் வேதம்போல வாங்கிக்கொள்கிறோம்.

சரி, என்னதான் சாப்பிடணும்? விஷயம் ஒன்றும் மந்திரமில்லை. ஓடும்போது தசையில் இருப்பு வைத்திருக்கிற மாவுச்சத்து எரிகிறது. அதை நிரப்பச் சோறு, வாழைப்பழம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு எதுவானாலும் சரி. வியர்வையில் தண்ணீரும் உப்பும் போகிறது. மோர் ஊற்றிக் கரைத்த பழைய சோறு இந்த மூன்றையும் கொடுத்துவிடும். நோகிற தசை தேறுவதற்குப் புரதம் வேணும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் சொன்ன கணக்குப்படி சாதாரணமாக உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். கடுமையாகப் பயிற்சி எடுப்பவர்களுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை வேணும் என்று விளையாட்டு மருத்துவம் சொல்கிறது. ஐம்பது கிலோ பிள்ளைக்குக் குறைந்தது அறுபது கிராம். ஒரு முட்டையில் இருப்பது ஆறு கிராம். நூறு கிராம் வேர்க்கடலையில் இருபத்தைந்து. கொழுப்பில்லாத மாட்டுக்கறி நூறு கிராமில் இருபதுக்குக் குறையாது. விலையோ ஆட்டுக்கறியில் பாதிகூட இல்லை. பெரம்பலூர்க் கடையில் விற்கிற புரத மாவு டப்பா ஒன்றின் விலைக்கு ஒரு குடும்பம் பல வாரத்துக்குக் கறி எடுக்கலாம்.

ஓடி முடித்த அரைமணி நேரத்துக்குள் தின்றால்தான் ஒட்டும் என்று பயமுறுத்துகிறார்களே, அதுவும் அவ்வளவு உண்மையில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து 2013இல் பார்த்தபோது, நேரத்தைவிட ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு புரதம் சேருகிறது என்பதுதான் முக்கியம் என்று தெரிந்தது. ஆகவே வீட்டுக்குப் போய் நிதானமாகவே சாப்பிடலாம். ஒளித்துத் தின்ன வேண்டிய அவசரம் இல்லை.

பெண்பிள்ளைகளுக்கு இன்னொன்று இருக்கிறது, இரும்பு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. கீரையில் இருக்கிற இரும்பைவிடக் கறியிலும் ஈரலிலும் சுவரொட்டியிலும் இருக்கிற இரும்பு உடம்பில் எளிதாகச் சேரும். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்பு சேருவது குறையும். நான் நாலு மாசம் செய்ததை நினைத்துக்கொள்கிறேன். அது மட்டுமா? எங்க வீடுகளில் அப்பனும் அண்ணனும் தின்றபின் சட்டியில் மிஞ்சுகிற எலும்பும் சாறும்தான் ஓடுகிற பிள்ளைக்கு. சாதியைப் பற்றி இவ்வளவு பேசுகிற நம்ம ஆண்கள் இந்தச் சட்டியைப் பற்றியும் கொஞ்சம் பேசலாம்.

மாட்டுக்கறி என்றதும் சிலர் அம்பேத்கரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அவரே தின்னக்கூடாது என்று சொன்னாராம். 1927இல் மகத் மாநாட்டில் விடச்சொன்னது செத்த மாட்டுக் கறியை. ஊரான் வீட்டில் செத்ததை இழுத்துப்போய் அறுத்துத் தின்பது அடிமை வேலையின் கூலியாக இருந்தது. அந்தக் கூலியைத்தான் வேண்டாம் என்றார்கள். 1948இல் தீண்டப்படாதவர்கள் யார் என்று அவர் எழுதிய நூலில், பார்ப்பனர் மாட்டுக்கறியை விட்டபின்னும் அதைத் தொடர்ந்து உண்டவர்கள்மேல் தீண்டாமை சுமத்தப்பட்டது என்று வாதிட்டார். நான் கடையில் காசு கொடுத்து வாங்குகிற கறிக்கும் அம்மாயி காலத்துச் செத்தமாட்டுக்கும் நடுவில் ஒரு பெரிய போராட்டம் இருக்கிறது. அதைக்கூடப் பார்க்காமல் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர்களிடம் என்ன பேச?

2016 ஆகஸ்டில் உதித் ராஜ், அப்போது பா.ஜ.க. எம்.பி., உசேன் போல்ட் ஏழையாக இருந்தார், பயிற்சியாளர் சொன்னபடி இரண்டு வேளையும் மாட்டுக்கறி தின்று ஒன்பது தங்கம் வாங்கினார் என்று எழுதினார். (பின்னால் ஒன்று போய் எட்டானது வேறு கதை.) நாடே கொந்தளித்தது. நான் கறியை ஆதரித்துச் சொல்லவில்லை, வசதி இல்லாவிட்டாலும் ஜெயிக்கலாம் என்றுதான் சொன்னேன் என்று அவர் விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரு தலித் தலைவர் ஜமைக்காக்காரன் தட்டைப் பற்றிப் பேசினால்கூட இந்தப் பாடு. போல்ட்டோ 2008 பெய்ஜிங்கில் கோழித்துண்டு வறுவலைத் தின்றே ஓடியதாகத் தன் கதையில் சொல்லியிருக்கிறார். மாடு தின்றால்தான் ஓடலாம் என்று நானும் சொல்லவில்லை. கென்யாவின் பெரிய ஓட்டக்காரர்கள் அதிகம் சாப்பிடுவது மக்காச்சோள மாவில் கிண்டிய களி. கூடக் கீரை, பால், கொஞ்சம் மாட்டுக்கறி. பெரம்பலூர் மாவட்டம் பூராவும் மக்காச்சோளம்தான். நம்ம பெண்கள் ஒடிக்கிற கதிர் கோழித் தீவனமாகப் போகிறது. நாமக்கல்லில் முட்டையாகி, சத்துணவுத் தட்டுக்குத் திரும்பி வருகிறது. 2010 முதல் வாரம் ஐந்து முட்டை. எங்க பிள்ளைகளுக்கு யாரிடமும் கையேந்தாமல் கிடைத்த புரதம் அது. பள்ளிக்கூடம் முடிந்ததும் அதுவும் நின்றுபோகிறது.

பக்கத்துத் திருச்சி மாவட்டம் முடிகண்டத்துக் கோமதி 2019இல் தோகாவில் ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தார். எனக்குச் சாப்பாட்டை எடுத்துவைத்துவிட்டு என் அப்பா மாட்டுக்கு வைத்த தீவனத்தைச் சாப்பிட்டார் என்று அன்றைக்கு அவர் சொன்னதைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் செய்தித்தாளை மடிக்கவில்லை. அப்புறம் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி, பதக்கமும் போய், நான்கு வருஷத் தடையும் விழுந்தது. அந்த வழக்கின் நியாயம் வேறு. தவிடு தின்ற அப்பனை எந்தச் சோதனைக்கூடமும் தள்ளுபடி செய்யமுடியாது.

இனி, சொல்லத் தயங்குகிற விஷயத்துக்கு வருகிறேன்.

டப்பாவை மூடிய பிள்ளையை அன்றைக்கு எல்லார் நடுவிலும் உட்கார வைத்தேன். நானும் என் வீட்டிலிருந்து உப்புக்கண்டம் வறுத்துக் கொண்டுபோனேன். வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவது என்று ஆனது. ஊர்த்தெருப் பிள்ளைகளில் ஒருத்தி வருவதை நிறுத்திக்கொண்டாள். இரண்டு பேர் வேர்க்கடலையும் முட்டையும் கொண்டுவந்து எங்களோடு உட்கார்ந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஏதோ சாதித்துவிட்டதாக நினைப்பு.

பத்து நாள் போயிருக்கும். அருந்ததியர் தெருவிலிருந்து வருகிற பிள்ளை, எல்லாரிலும் வேகமாக ஓடுகிறவள், டப்பாவைத் திறந்தாள். பன்றிக்கறி. வறுத்து, மிளகு போட்டது. மாட்டுக்கறி டப்பாவோடு உட்கார்ந்திருந்த எங்க பிள்ளைகள் இரண்டு பேர் மூக்கைச் சுளித்துத் தள்ளி உட்கார்ந்தார்கள். "ஐய, இதையா தின்னுவ?" என்று ஒருத்தி கேட்டாள். முதுகைத் திருப்பிச் சாப்பிட்டாளே, அவள்தான் கேட்டது.

நான் கண்டித்திருக்கணும். கண்டிக்கவில்லை. எனக்கே வயிற்றைப் புரட்டியது. அவள் டப்பாவை என் பக்கம் நீட்டினாள், "ஒண்ணு எடுத்துக்கக்கா" என்று. நான் சாப்பிட்டாச்சு என்றேன். பொய். என் டப்பாவை நான் இன்னும் திறக்கவே இல்லை, அது அவளுக்கும் தெரியும்.

மறுநாள் அவள் வேர்க்கடலை கொண்டுவந்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கும் அவள்தான் முதலில் ஓடி முடித்தாள், ஒரு நிமிஷம் முப்பத்தாறு வினாடி.

எனக்கு இரண்டு ராத்திரி தூக்கமில்லை. அந்தப் பயிற்சியாளர் என்னைப் பார்த்த பார்வையை நான் இவளைப் பார்த்தேனா என்று திரும்பத் திரும்ப யோசித்தேன். பார்த்தேன். அவர் வாயால் சொன்னார், நான் சொல்லவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்க வீட்டுக்குச் சாப்பிட வர்றேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். "எதுக்குக்கா, நான் கோழி எடுக்கச் சொல்றேன்" என்றாள். வேண்டாம் பாப்பா, வழக்கமா ஞாயித்துக்கிழமை என்ன செய்வீங்களோ அதையே செய்யச் சொல்லு என்றேன். தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை.