குறுக்கு

மலையோட்டக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியும் ஆல்ப்ஸ் பக்கம் போய்விடும். 2003-ல் தொடங்கிய யூடிஎம்பி, மோன் பிளாங்கைச் சுற்றி மூன்று நாடுகள் வழியாக 170 கிலோமீட்டருக்கு மேல், மொத்த ஏற்றம் சுமார் 10,000 மீட்டர். இல்லையென்றால் சுவிட்சர்லாந்தின் சியேர்-சினால், 31 கிலோமீட்டர், 1974-லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இந்த இரண்டு பெயரும் வராத வாரம் கிடையாது. எனக்கும் ஆசைதான். விசா, விமானம், குலுக்கலில் பெயர் விழும் அதிர்ஷ்டம், ஒன்றரை லட்சத்துக்கு மேல் செலவு என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அடுத்த வருஷம் என்பேன்.

ஆனால் பயணம் போய் ஓட வேண்டிய மலை ஒன்று சொல் என்று யாராவது கேட்டால் நான் அப்புத்தளையைத்தான் சொல்வேன். சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து ஊவா மலைகளுக்கு ரயிலில் ஒரு பகல் முழுக்க. பதக்கம் கிடையாது, டைமிங் சிப் கிடையாது, கைதட்ட ஆளும் கிடையாது.

இலங்கையின் மலைநாட்டில் இப்போது பீக்கோ டிரெயில் என்று ஒரு நீண்ட நடைபாதையை அடையாளப்படுத்தியிருக்கிறார்கள். பீக்கோ என்பது தேயிலையில் ஒரு தரத்தின் பெயர். கண்டியில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிறது. 300 கிலோமீட்டருக்கு மேல், 22 பகுதிகள். இதில் கவனிக்க வேண்டியது, பெரும்பாலும் புதிதாக எதையும் வெட்டவில்லை என்பது. நூறு, நூற்றைம்பது வருஷமாகத் தோட்டத்துக்குள் இருந்த பாதைகளுக்கு அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். நடக்க வருகிறவர்கள்தான் அதிகம். ஓடினாலும் யாரும் தடுப்பதில்லை, விநோதமாகப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

நான் அங்கே போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் அப்பாயி அப்புத்தளைப் பக்கத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுத்தவர். 1948-ல் குடியுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து ஆட்களைப் பங்கு பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கில் எங்கள் குடும்பம் 1974-ல் இந்தியப் பக்கம் விழுந்தது. ரயிலில் தலைமன்னார், கப்பலில் ராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் முகாம், கடைசியில் நீலகிரியில் பந்தலூர். திரும்பி வந்தவர்களுக்காகவே அரசு தேயிலைத் தோட்டம் போட்டிருந்தது. அங்கும் கொழுந்துதான். மலையகத்தில் அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர்.

பயணம் பற்றிச் சொன்னபோது அப்பாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அங்க ஓடுறதுக்கு என்னடா இருக்கு? ஏறுறதுக்குத்தான் இருக்கு” என்றார்.

பிப்ரவரி மாதம். அப்புத்தளை ஒரு முதுகெலும்பின் மேல் உட்கார்ந்திருக்கிற ஊர். உயரம் 1,400 மீட்டருக்கு மேல். ஊரின் தெற்குப் பக்கம் நிலம் திடீரென்று இல்லாமல் போகிறது. வெகு கீழே சமவெளி. காலையில் அங்கிருந்துதான் மூட்டம் ஏறி வரும். ஒன்பது, பத்து மணிக்கு மேல் எதுவும் தெரியாது என்று தங்கியிருந்த வீட்டில் எச்சரித்திருந்தார்கள். அதனால் அஞ்சு மணிக்கே நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். இலக்கு லிப்டன் இருக்கை. தம்பேத்தன்ன தொழிற்சாலை வரை 10 கிலோமீட்டர் வாக்கில், அங்கிருந்து மேலே இன்னொரு 7. போய் வந்தால் ஏறத்தாழ ஒரு மாரத்தானில் முக்கால் பங்கும் கொஞ்சமும்.

முதல் 10 கிலோமீட்டரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தார் ரோடு, நாய்கள், குளிர். தொழிற்சாலை 1890-களைச் சேர்ந்தது, தாமஸ் லிப்டன் கட்டியது. கிளாஸ்கோவில் மளிகைக் கடை வைத்திருந்தவர், 1890-ல் இங்கே வந்து தோட்டங்களை வாங்கிப் போட்டார். தொழிற்சாலையைத் தாண்டியதும்தான் ஓட்டம் தொடங்குகிறது.

இங்கே இரண்டு விதமான பாதைகள் இருக்கின்றன. ஒன்று ரோடு. மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி, கொண்டையூசி வளைவுகளில் திரும்பித் திரும்பி மெதுவாக ஏறும். வண்டிக்காகப் போட்டது அது. கொழுந்து மூட்டை ஏற்றிய வண்டி மூச்சு வாங்காமல் போகிற சாய்வு. துரை குதிரையில் போகிற சாய்வு என்றும் வைத்துக்கொள்ளலாம். அதில் ஓடுவது சுகம். சுவாசம் ஒரு தாளத்துக்கு வந்துவிடும், இரண்டு பக்கமும் பச்சை, இன்ஸ்டாகிராமில் வருகிற படம் எல்லாம் இந்த ரோட்டில் நின்று எடுத்ததுதான்.

இன்னொன்று, வளைவுக்கும் வளைவுக்கும் நடுவே செடிகளைப் பிளந்துகொண்டு செங்குத்தாகப் போகிற ஒற்றையடித் தடம். சில இடத்தில் கல்லைப் பதித்துப் படி மாதிரி ஆக்கியிருப்பார்கள். சில இடத்தில் மழைத் தண்ணீர் போகிற கானும் பாதையும் ஒன்றே. அப்பாயி வாயில் அதற்குப் பெயர் குறுக்கு. அவர் எந்தத் தூரத்தையும் கிலோமீட்டரிலோ மைலிலோ சொன்னதில்லை. ரோட்டுல போனா பெரட்டு முடிஞ்சிடும், குறுக்குல போனா பேரு விழும், இப்படித்தான். பெரட்டு என்றால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் களம். நேரத்துக்கு நிற்காவிட்டால் அன்றைக்குப் பேர் கிடையாது; கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம். குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு ஆறு மணி சுமாருக்குப் பெரட்டுக்குப் போய்ச் சேர வேண்டிய பெண்ணுக்குக் கொண்டையூசி வளைவில் சுற்ற நேரம் ஏது? ரோட்டை அளந்து போட்டது துரைமார். குறுக்கைப் போட்டது கால்.

இது ஏதோ புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. தொடையில் தெரிந்தது. முதல் குறுக்கில் ஏறி நூறு மீட்டர் கூடப் போகவில்லை, ஓட்டம் நடையாகிவிட்டது. கைகளை முட்டிக்கு மேல் ஊன்றி உடம்பை முன்னால் சாய்த்துத் தள்ளுகிற நடை. ஆல்ப்ஸில் முதல் வரிசையில் ஓடுகிறவர்களும் செங்குத்தில் இதைத்தான் செய்கிறார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. மலையோட்டத்தில் ஒரு கணக்கு உண்டு. 100 மீட்டர் ஏற்றத்தை 1 கிலோமீட்டராக வைத்துத் தூரத்தோடு கூட்டினால் அந்த வழி எவ்வளவு உழைப்பைக் கேட்கும் என்று உத்தேசமாகத் தெரியும். அதில் முதுகுச் சுமைக்குக் கட்டமே கிடையாது. என் பையில் ஒரு லிட்டர் தண்ணீரும் மூன்று கடலை மிட்டாயும் இருந்தன. இதே சாய்வில் தலையில் கயிறு மாட்டி, முதுகில் கொழுந்தோடு இறங்குகிறவர்களை எந்தச் சூத்திரத்தில் போட?

சரிவு என்பது எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு தகுதி. எவ்வளவு செங்குத்தோ அவ்வளவு பெருமை. 2014 அக்டோபர் 29 காலை, அப்புத்தளைக்குக் கீழே கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிவிட்டது. பலருடைய உடல் கிடைக்கவே இல்லை. நான் ஓடிக்கொண்டிருந்த அதே மலைத்தொடர்தான்.

லிப்டன் இருக்கைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழரை. ஏறத்தாழ 1,970 மீட்டர். லிப்டன் தன் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். இப்போது அவரே சிலையாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் இடம் விட்டு. எல்லோரும் அங்கே உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். காட்சி என்றால் காட்சிதான், குறை சொல்ல முடியாது. மலை மேல் மலையாக மடிப்பு மடிப்பாக இறங்கி, தெற்கே நிலம் தட்டையாகி, எங்கோ ஒரு நீர்த்தேக்கம் கண்ணாடித் துண்டு போல மின்னுகிறது. இருபது நிமிஷம் நின்றேன். அப்பாயி இந்தக் காட்சியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மழை சொல்லியிருக்கிறார், அட்டை சொல்லியிருக்கிறார், படங்குச் சாக்கை இடுப்பில் கட்டினால் அரிக்கிற இடத்தைச் சொல்லியிருக்கிறார். மேலே நின்று பார்த்தால் இப்படி இருக்கும் என்று சொன்னதே இல்லை. கொழுந்து எடுக்கிறவர் பார்வை செடியின் மட்டத்துக்கு மேலே எழ வேண்டிய அவசியம் இல்லையோ என்னவோ. அல்லது என்னிடம் சொல்லத் தோன்றவில்லை.

இறக்கம்தான் இந்த வழியின் நிஜமான சோதனை. ஏற்றத்தில் நுரையீரல் கெஞ்சும், இறக்கத்தில் தொடை. ஒவ்வொரு எட்டிலும் தசை நீண்டுகொண்டே பாரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, மறுநாளும் அதற்கடுத்த நாளும் மாடிப்படியைப் பார்த்தால் பயமாக இருக்கும். குட்டைக் குட்டை எட்டாக வைத்து, கண்ணை மூன்றடி முன்னால் போட்டு, குறுக்கு குறுக்காகவே இறங்கினேன். மூட்டம் கீழேயிருந்து ஏற ஆரம்பித்திருந்தது.

மூன்றாவது குறுக்கு முடிகிற இடத்தில் ஏழெட்டுப் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓரமாக ஒதுங்கி வழி விட்டார்கள். எனக்கு ஓட மனசு வரவில்லை, நின்றேன்.

“எங்கேருந்து தம்பி வாறீங்க?” ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அக்கா.

“பந்தலூருக்கா. இந்தியா, நீலகிரி. எங்க அப்பாயி இந்தப் பக்கத் தோட்டத்துல இருந்தவங்க.”

“எந்த டிவிசன்?”

தோட்டத்தின் பெயரைச் சொன்னேன், டிவிசனையும் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை. இரண்டு இலை ஒரு மொட்டு, இரண்டு இலை ஒரு மொட்டு, தோளுக்கு மேலாகப் பின்னால் கூடைக்குள். எத்தனை கிலோ எடுக்கணும் என்று கேட்டேன். பதினெட்டு என்றார். ஒரு நாள் சம்பளத்தை ஆயிரம் ரூபாயாக்கச் சொல்லி வருஷக்கணக்கில் போராடி, 2021-ல் அது கிடைத்தது. அதற்கு அடுத்த வருஷமே நாட்டில் விலைவாசி எங்கோ போய்விட்டது. அதைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. “ஓடுனா காசு தருவாங்களா?” என்று மட்டும் கேட்டார். இல்லை, சில இடத்தில் நாம்தான் கட்டணும் என்றேன். பக்கத்து நிரையில் இருந்தவர் செடிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தார்.

பிறகு அந்த அக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டார். “சேரம்பாடி தெரியுமா தம்பி?”

தெரியும். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்.

அவருடைய பெரியம்மா குடும்பம் அங்கே போனதாம். கூடப் பிறந்த இரண்டு பேரில் ஒருத்திக்கு இந்தியா, ஒருத்திக்கு இலங்கை. கொஞ்ச காலம் கடிதம் வந்தது. 1980-களில் சண்டை மூண்டு கப்பல் நின்றது, கடிதமும் நின்றுவிட்டது. பெரியம்மா பெயர், பெரியப்பா பெயர், மூத்த மகள் பெயர் மூன்றையும் சொன்னார். கைபேசியில் அடித்துக்கொண்டேன். அவர் மகனுடைய வாட்ஸ்அப் எண்ணையும் மனப்பாடமாகச் சொன்னார். மேலேயிருந்து கணக்குப்பிள்ளை குரல் கொடுத்தார். எல்லோரும் அடுத்த நிரைக்கு நகர்ந்தார்கள்.

ஊருக்கு வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சேரம்பாடிக்குப் போனேன். மூன்று லயங்களில் விசாரித்ததில் ஆள் தெரிந்துவிட்டது. பெரியம்மா காலமாகிப் பத்து வருஷம் ஆகிறது. மூத்த மகள் இருக்கிறார், அறுபதைத் தாண்டியவர். ஒன்பது வயதில் கப்பல் ஏறியவர். வாசலில் நின்றபடியே வீடியோ அழைப்பு போட்டுக் கொடுத்தேன். இரண்டு பேரும் முதலில் ஒருவரையொருவர் பார்த்தார்களே தவிரப் பேசவில்லை. இந்தப் பக்கம்தான் முதலில் வாய் திறந்தது.

“கோயிலுக்குப் பின்னாடி ஒரு குறுக்கு போகுமே, இஸ்டோருக்கு இறங்குறது. அது இருக்கா?”

“இருக்கு. இப்பவும் அதுலதான் போறோம். மழைன்னா வழுக்கும்.”

“அப்பவும் வழுக்கும்.”