ஊசிக்கு முன் ஒரு வினாத்தாள்

சோறிட்டவரை உண்டவர் அறிவார். இரத்தம் தந்தவரையோ அதைப் பெற்றவர் அறிவதில்லை. என் தங்கை பிள்ளைப்பேற்றின்போது இரண்டு பை இரத்தம் ஏற்றப்பெற்றே உயிர் பிழைத்தாள். அது யாருடையதென்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது. முகமறியா அந்த நம்பிக்கைக்குக் காவல் எது?

ஆய்வுக்கூடம் என்பீர்கள்; மெய்தான். முற்காலத்தில் அக்காவலும் இருக்கவில்லை. இரத்தம் ஏற்றப்பெற்றோருட் சிலர் பின்னர்ச் செங்கண்மாரியால் வருந்தினர், காரணம் புலப்படவில்லை. அவுஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் குருதியில் தாம் கண்ட புதுப் பொருளொன்றைப் பற்றி, 1965 இல் புளும்பேர்க் என்னும் அமெரிக்க அறிஞர் எழுதினார். அது ஹெபடைட்டிஸ் பி வைரசின் புறவுறையைச் சேர்ந்ததென்பது பின்னர்த் தெளிவாயிற்று. எச்.ஐ.வி.க்கான இரத்தச் சோதனை 1985 இல் வந்தது. ஹெபடைட்டிஸ் சி வைரசு 1989 இலேதான் இனங்காணப்பட்டது. இன்று இலங்கையில் தானமாகப் பெறப்படும் இரத்தம் இம்மூன்றுக்கும், சிபிலிசு, மலேரியா ஆகியவற்றுக்கும் சோதிக்கப்படுகின்றது.

ஆயினும், தொற்றுப் புகுந்த மறுநாளே எந்தச் சோதனையும் அதைக் காட்டிவிடாது. சோதனைக்கு அகப்படாத ஓர் இடைக்காலம் உண்டு. வைரசின் மரபணுவையே தேடும் நுண்சோதனை அக்காலத்தைக் குறுக்குகின்றது, முற்றாக நீக்கவில்லை. அவ்விடைவெளியிற் காவல் நிற்பது கொடுப்பவரின் வாய்மையே. இரத்தம் எடுக்குமுன் வினாத்தாள் ஒன்றைத் தந்து, வைத்தியர் தனியே விசாரிப்பது இதன்பொருட்டே.

சென்ற ஆண்டு எங்கள் ஊர் வாசிகசாலையில் இரத்ததான முகாம் நடைபெற்றது. வரிசையில் எனக்கு முன்னின்ற இளைஞர் ஒருவர் வினாத்தாளை நிதானமாக வாசித்தார். வைத்தியரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். இரத்தம் கொடாமலே திரும்பினார். "ஊசிக்குப் பயந்துவிட்டான்" என்று எவரோ நகைத்தார். அவர் மறுமொழி கூறவில்லை. ஊரார் பார்த்திருக்க மெய்யைச் சொல்லித் திரும்புவதற்கு எத்துணைத் துணிவு வேண்டும்! யாரோ ஒரு தாயை அவர் அன்று காத்திருக்கக்கூடும்.

மாணவர்களே, பதினெட்டு வயது நிரம்பியதும் இரத்தங் கொடுக்க முன்வாருங்கள். நோயுண்டோ என்ற ஐயந்தீர்க்க விரும்புவோர் அதற்குரிய வைத்தியசாலைப் பிரிவை நாடுக. இரத்ததான முகாமை நாடற்க. வினாத்தாளில் ஒரு கேள்வி உங்களைத் தயங்கச்செய்யின், அத்தயக்கத்தை வைத்தியரிடம் மறையாது கூறுங்கள். திரும்பிச் செல்பவரைக் கண்டால் நகையாதீர்கள்.