மூக்கு தூக்கும் டிஃபரன்ஷியல்

டாட்சன் 240இசட் காரில் கிளட்சை விடும்போது இருக்கைக்குப் பின்னாலிருந்து 'டொக்'கென்று ஓர் அடி விழுந்தால், பலரும் முதலில் சந்தேகப்படுவது கிரௌன் பினியனைத்தான். பல் தேய்ந்துவிட்டது, டிஃபரன்ஷியலையே மாற்ற வேண்டும் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இந்தக் கார்களோடு நெடுநாள் பழகியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: பற்கள்மேல் அவ்வளவு சீக்கிரம் பழிபோட வேண்டாம். ஆர்180 என்ற அந்த டிஃபரன்ஷியலில் எண்ணெய் குறையாமல் பார்த்துக்கொண்டால், பாடியின் தகடு துருப்பிடித்து உதிர்ந்த பிறகும் அது ஓடும் நிலையில் இருக்கும். பெரும்பாலும் சத்தம் வருவது, அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் ரப்பரிலிருந்து.

1969 அக்டோபரில் ஜப்பானில் ஃபேர்லேடி இசட் என்ற பெயரில் இந்தக் கார் அறிமுகமானது. அமெரிக்காவுக்கு 240இசட் என்ற பெயரோடு, 3,526 டாலர் விலையில் வந்தது. 2,393 சிசி கொள்ளளவில் வரிசையான ஆறு சிலிண்டர், ஏறக்குறைய ஒரு டன் எடை, நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். நம் வேலைக்கு முக்கியமானது இந்தக் கடைசி அம்சம்தான். பழைய வகைக் கார்களில் டிஃபரன்ஷியல் பின் ஆக்ஸிலோடு ஒன்றாக, சக்கரங்களோடு சேர்ந்து ஏறி இறங்கும். அதன் திமிறலைப் பட்டை ஸ்பிரிங்குகளும் சுருள் ஸ்பிரிங்குகளும் வாங்கிக்கொள்ளும். தனி சஸ்பென்ஷனில் டிஃபரன்ஷியல் பாடியோடு பிணைக்கப்படுகிறது. அதன் ஒவ்வொரு உதறலும், ஒவ்வொரு முனகலும் நேரே பாடிக்குப் போகும். நடுவே நிற்பது ரப்பர் மட்டுமே.

அதை எப்படிப் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். முன்பக்கம், டிஃபரன்ஷியலின் மூக்கு ஒரு தடித்த ரப்பர் கட்டையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே ஒட்டி வேகவைத்த ரப்பர் அது. கீழே குறுக்குச் சட்டத்தில் போல்ட் போட்டிருக்கும். பின்பக்கம், முறுக்கு மீசைபோல் வளைந்த ஒரு பட்டை இரும்பு. மெக்கானிக்குகள் அதை மீசை பார் என்றே சொல்வார்கள். மீசையின் நடுப்பகுதி டிஃபரன்ஷியலின் பின்மூடியில் மாட்டியிருக்கும். இரு நுனிகளிலும் ஆளுக்கொரு புஷ், அதாவது இரண்டு குழாய்களுக்கு நடுவே ரப்பர். பாடியிலிருந்து இறங்கும் ஸ்டட் அதன் வழியே வந்து அடியில் நட்டு வாங்கும். இவற்றோடு மூக்குக்கு மேலே குறுக்காக ஒரு நாடாப் பட்டையும் உண்டு.

அந்தப் பட்டை ஏன் என்று கேட்டால்தான் இந்த அமைப்பு புரியும். எஞ்சின் அதிகபட்சமாகச் சுமார் 200 நியூட்டன் மீட்டர் முறுக்கு தருகிறது. முதல் கியரில் அது மூன்றரை மடங்காகி ப்ரொப்பெல்லர் ஷாஃப்டுக்கு 700 அளவில் வருகிறது. அமெரிக்கக் கார்களின் டிஃபரன்ஷியலில் கிரௌனுக்கு 37 பல், பினியனுக்கு 11 பல். ஆக, இன்னும் 3.36 மடங்கு. சக்கரங்களை முன்னோக்கிச் சுழற்ற ஏறத்தாழ 2,350 நியூட்டன் மீட்டர் செலவாகும்போது, அதே அளவு எதிர்முறுக்கு டிஃபரன்ஷியல் கூட்டைப் பின்னோக்கிச் சுழற்றப் பார்க்கிறது. கூடு சுழல முடியாது. ஆகவே மூக்கை மேலே தூக்குகிறது. பல நூறு கிலோ எடைக்கு நிகரான விசை அது. அடியில் இருக்கும் ரப்பர் கட்டை நசுங்குவதற்குப் பதில் இழுபடுகிறது. ரப்பர் அழுத்தத்தை ஆண்டுக்கணக்கில் தாங்கும். இழுவை அதற்கு ஆகாது. இரும்போடு ஒட்டிய இடத்தில் மெல்லப் பிரியத் தொடங்கும். முழுக்கப் பிரிந்ததும் மூக்கு எழும்பிப் போய்ப் பட்டையில் மோதும். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் திரும்ப வந்து கட்டையில் விழும். நாம் கேட்கும் 'டொக்' இதுதான்.

மௌன்ட் என்கிற அந்த முன் ரப்பர் கட்டை போய்விட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. காரை ஸ்டாண்டில் ஏற்றிய நிலையில் மூக்கின் எடையே பிளவை மூடி வைத்திருக்கும். கட்டை புதுசுபோல் தெரியும். ஒரு நீண்ட கம்பியை மூக்குக்கு அடியில் கொடுத்து நெம்ப வேண்டும். நல்ல மௌன்ட் கொஞ்சம் நெகிழ்ந்து அங்கேயே நின்றுவிடும். பிரிந்த மௌன்ட் வாயைத் திறந்து காட்டும். அதன் பிறகு ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் (யுனிவர்சல் ஜாயின்ட்), இருபுறத்து ஹாஃப் ஷாஃப்ட் கிராஸ் எல்லாவற்றையும் கையால் முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கலாம். இந்த வரிசை முக்கியம். மூக்கு ஆடிக்கொண்டிருக்கும்போது மற்ற இடங்களின் ஆட்டத்தை அளந்து ஒரு பயனும் இல்லை.

கழற்றும் வேலையில் பாதி, துருவோடு மல்லுக்கட்டுவதுதான். மீசை பாரின் நட்டுகளுக்கு முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைப்பேன். ஸ்டட் முறிந்தால் வேலை பாடிக்குள் போய்விடும். அதனால் நட்டு இறுகினால் வலுவைக் கூட்டாமல், அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று கொஞ்சிக் கொஞ்சித்தான் எடுக்க வேண்டும். டிஃபரன்ஷியலை ஜாக்கி தாங்கியிருக்க வேண்டும். காரை ஜாக்கி தாங்கக் கூடாது, அதற்கு ஸ்டாண்டுகள். நெம்புகோலை இழுத்துப் போராடும் இடத்தில் இதில் சலுகையே கிடையாது. புஷ்ஷுக்கு மேலும் கீழும் உள்ள வாஷர்கள் எது எங்கே இருந்தது என்று கழற்றும்போதே படம் எடுத்து வைப்பது நல்லது.

கழற்றிய ரப்பரை உடனே குப்பையில் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு மனசு கேட்பதில்லை. அதைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். முன் கட்டை வறண்டு, வெடித்து, ஒட்டிய இடத்தில் கிழிந்திருந்தால் வயசுதான் காரணம். காற்றில் உள்ள ஓசோனும் வெப்பமும் அரித்த தடம் அது. ஆனால் கட்டை ஊதி, கொழகொழவென்று விரலில் கறுப்பாக ஒட்டினால் கதை வேறு. நேர் மேலே இருக்கும் பினியன் சீல் கசிகிறது, எண்ணெய் குடித்துத்தான் ரப்பர் செத்தது. சீலைக் கவனிக்காமல் புது மௌன்ட் போட்டால் அதுவும் அதே வழியில் போகும். மீசை பாரின் புஷ்கள் இன்னொரு செய்தி சொல்லும். இரண்டும் ஒரே அளவில் தேய்வதில்லை. ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கூட்டைப் பக்கவாட்டிலும் முறுக்குவதால் ஒரு புறம் கூடுதலாக அமுங்குகிறது. ரப்பர் நீள்வட்டமாகி, உள்குழாய் வெளிக்குழாயை முத்தமிட்ட இடம் பளபளவென்று இருந்தால், அந்தக் கார் பல காலமாக இரும்போடு இரும்பு பேசி ஓடியிருக்கிறது.

பழைய புஷ்ஷின் வெளிக்குழாயை வெளியே எடுக்கப் பிரஸ் இல்லாவிட்டாலும் முடியும். ரப்பரைத் துளைத்து எடுத்துவிட்டு, ஆக்சா பிளேடை உள்ளே விட்டு, குழாயை நீளவாக்கில் ஒரு கீறல் அறுத்து, உளியால் உள்ளே மடக்கினால் கழன்று வரும். பிளேடு மீசை பாரின் கண்ணைத் தொடக் கூடாது. வளைந்து நிமிர்ந்து உழைக்கும் இரும்பில் ஒரு கீறல் போதும், பின்னாளில் விரிசலாக. ரப்பரை எரித்து எடுக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. புகையும் கேடு, இரும்பின் பதமும் கெடும். வாங்கியது பாலியூரிதேன் புஷ் என்றால் அறுப்பதற்கு முன் அதன் தாளைப் படித்துவிட வேண்டும்; சில வகைகளுக்குப் பழைய வெளிக்குழாயே உறையாகத் தேவைப்படும்.

பாலியூரிதேனா, ரப்பரா, முழு இரும்பா? இளைஞர்கள் பெரும்பாலும் கடினமானதையே கேட்கிறார்கள். ஷோர் ஏ அளவுகோலில் ரப்பர் 60-ஐ ஒட்டி இருக்கும். புஷ்களுக்கான பாலியூரிதேன் 80-இலிருந்து 95 வரை போகும். ஆட்டம் குறையும் என்பது உண்மை. ஆனால் மணிக்கு 100 கிலோமீட்டரில் இந்தக் காரின் சக்கரம் நொடிக்குச் சுமார் 14 தடவை சுழல்கிறது. கிரௌனுக்கு 37 பல் என்றால் நொடிக்கு 500 தடவைக்கு மேல் பல்லும் பல்லும் தொடுகின்றன. நம் காது நன்றாகக் கேட்கும் சுருதி அது. பின்னால் தனி டிக்கி கிடையாது. கண்ணாடிக் கதவுக்குக் கீழே இருக்கும் வெளி, ஓட்டுபவரின் முதுகு வரை ஒரே கூடம். கடினமான புஷ் வழியே ஏறும் முனகல் அங்கே நின்று கணகணக்கும். பந்தயத் தடத்தில் ஹெல்மெட்டுக்குள் இது பொருட்டல்ல. நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம் ஓட்டுபவருக்கு அது தலைவலி.

என் தேர்வு இது: முன்னாலும் பின்னாலும் ரப்பர், முடிந்தால் மூக்கை மேலிருந்தும் பிடிக்கும் ஒரு மௌன்ட். மூக்கு எழும்பும்போது மேல் மௌன்டின் ரப்பர் நசுங்குகிறது, இழுபடுவதில்லை. எந்த வேலை ரப்பருக்குக் கைவந்ததோ அதை அதற்குக் கொடுக்கிறோம். இந்தக் காரை வடித்தவர்கள் மென்மையைத் தெரிந்தே வைத்தார்கள். மீசை பாரே ஒரு வில்தான். ஒரு முனையை இறுக்கிக் கட்டி மறுமுனையை இளக்கமாக விட்டால், அந்த வில் இரண்டு முனைக்கும் சேர்த்து வளைய வேண்டியிருக்கும். கடினம் எவ்வளவு என்பதைவிட, இரு முனைகளும் ஒத்துப்போகின்றனவா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

ரப்பர் புஷ்ஷை ஏற்றச் சோப்புத் தண்ணீர் போதும். பெட்ரோலிய கிரீஸ் இயற்கை ரப்பரைக் கெடுக்கும். பாலியூரிதேனுக்கு அதனோடு வரும் பிசுபிசுத்த சிலிக்கோன் கிரீஸ். எல்லா நட்டுகளையும் விரலிறுக்கத்தில் விட்டு, ஜாக்கியை இறக்கி, டிஃபரன்ஷியல் தன் எடையில் உட்கார்ந்த பிறகே டார்க் ரெஞ்சை எடுப்பேன். தூக்கிய நிலையில் முறுக்கினால் ரப்பர் கோணிக்கொண்டே பிறந்து, கோணிக்கொண்டே கிழியும். நாடாப் பட்டையையும் அப்போதே மாற்றிவிடலாம், பழையது நைந்திருக்கும்.

சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ரப்பர் படிந்திருக்கும். நட்டுகளை ஒரு முறை சரிபார்க்க வேண்டும், பினியன் சீலைத் துணியால் துடைத்துக் கசிவு இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். கிளட்சை விடும்போது இன்னும் மெல்லிய 'டிக்' ஒன்று மிச்சமிருந்தால், அது ஹாஃப் ஷாஃப்டின் கிராஸ். பெரிய சத்தம் இத்தனை நாள் அதை மூடி வைத்திருந்தது. அடுத்துக் கழற்ற வேண்டியது அதைத்தான்.