பொருத்துக் கட்டடம் வாங்கிய கதை

நமது கல்லூரியின் விழா மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபொழுது, இலக்கியம் பற்றி ஏதேனும் எழுதுவேன் என்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியன் ஒருவன் தகரத்தையும் திருகாணியையும் பற்றி எழுதுவது தகுமோ என்று நானும் சிறிது தயங்கினேன். ஆயின், கடந்த சில ஆண்டுகளாக என் சிந்தையைப் பற்றியிருந்தவன் கம்பனல்லன்; முப்பதடி நீளமும் இருபதடி அகலமும் கொண்ட ஓர் இரும்புக் கொட்டகையே பற்றியிருந்தது. அதனை மறைத்து வேறொன்றை எழுதுவதிலும் அதனையே எழுதிவிடுவது நேர்மை.

கோப்பாய் ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி முடித்து வந்த நாள்முதலாக, எங்கள் வளவில் மாலைவேளைகளில் ஊர்ப் பிள்ளைகளுக்கு இலவசமாகத் தமிழ் வகுப்பு நடத்தி வருகிறேன். பூவரசங் கப்புகளில் நின்ற கிடுகுக் கொட்டில் ஒன்றே எங்கள் வகுப்பறை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வேயவேண்டும். அதுதவிர வேறு குறை சொல்வதற்கில்லை. 2020ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 'புரெவி' புயலோடு வந்த மழையில் அக்கொட்டில் ஒருபுறமாகச் சாய்ந்து படுத்துவிட்டது. அடுத்த ஆண்டு பெருந்தொற்றினாற் பாடசாலைகளே மூடிக்கிடந்தமையின், கொட்டில் இல்லாத குறை தெரியவில்லை. பிள்ளைகள் மீண்டும் வரத் தொடங்கிய காலத்தில் நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தது. ஆயிரம் ரூபாவை அண்டியிருந்த சீமெந்துப் பை 2022இல் மூவாயிரத்தைத் தாண்டியது. கல்லால் ஒரு மண்டபம் கட்டுவது என்ற பேச்சை அத்துடன் விட்டேன்.

அவ்வேளையிலேதான், கொழும்பிலுள்ள ஒரு நிறுவனத்தின் விளம்பரத் தாள் என் கைக்கு வந்தது. தூண், வளை, சிலாகை, கூரைத்தகடு, கதவு, யன்னல் யாவும் தொழிற்சாலையிலேயே அளவாக வெட்டித் துளையிட்டு வரும் என்றும், ஆறு நாளிற் பூட்டி முடிக்கலாம் என்றும், தேர்ந்த தொழிலாளர் தேவையில்லை என்றும் அதிற் கண்டிருந்தது. விலை பதினொரு இலட்சத்து நாற்பதாயிரம் ரூபா. இடர்கடன் இரண்டரை இலட்சம், மனைவி பிடித்துவந்த சீட்டு நான்கு இலட்சம், அவளுடைய காப்புகளை வங்கியில் ஈடுவைத்துப் பெற்றது மூன்றரை இலட்சம், என் சேமிப்பு மீதி. இத்தொகைகளை எழுதுவதற்குக் காரணம் உண்டு. அந்தக் காப்புகளைப் பற்றி என் மனைவி அன்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. அது எனக்கு ஏசியதிலும் பாரமாயிருந்தது.

இவ்விடத்தில் ஒரு பழைய கதையையும் சொல்லவேண்டும். வடக்குக் கிழக்கில் 65,000 உருக்கு வீடுகள் அமைக்கும் திட்டம் ஒன்றை 2015ஆம், 2016ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் முன்வைத்தது நேயர்களுக்கு நினைவிருக்கும். 'பொருத்து வீடு' என்று பத்திரிகைகள் அதற்குப் பெயரிட்டன. ஒரு வீட்டிற்கு ஏறத்தாழ இருபத்தொரு இலட்சம் ரூபா என்றபோது, அதே பணத்தில் இரண்டு கல்வீடு கட்டலாமே என்று மக்களும் பொறியியலாளரும் எதிர்த்தனர். அத்திட்டம் அவ்வடிவில் நிறைவேறவில்லை. எங்கள் ஆசிரியர் அறையில் அதற்கு எதிராக மிக உரத்துப் பேசியவன் நானே. 'நம் வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் இரும்பு வீடா?' என்று மேசையிலடித்துக் கேட்டேன். நான் கட்டளை கொடுத்த செய்தி பரவியதும், சக ஆசிரியர் ஒருவர் அதே மேசையில் அதேவிதமாக அடித்துக் காட்டினார். ஆறுபேர் குடும்பமாய் வாழும் வீடு வேறு, மாலையில் இரண்டு மணிநேரம் கூடும் மண்டபம் வேறு என்று நான் சொன்ன சமாதானம் எவர் காதிலும் ஏறவில்லை. அது சரியான சமாதானமே என்று இன்றும் கருதுகிறேன்.

அம்மாவிடம் அந்தச் சமாதானத்தைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு, மழையில், வலிகாமத்தவர் யாவரும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனோம். அப்பொழுது எனக்குப் பதினைந்து வயது. ஆறு மாதம் ஒரு தகரக் கொட்டகையில் வேறு மூன்று குடும்பங்களோடு இருந்தோம். பகலில் அதன் கீழிருந்தே படித்தேன். என்னோடு படித்தவர் சிலரும் இம்மலரைப் படிப்பார்களாதலின், அந்த வெக்கையை விவரிக்க வேண்டியதில்லை. ஐயா அங்கேதான் காலமானார். ஆகவே அம்மா கேட்டது இதுதான்: "தம்பி, திரும்பவும் என்ரை வளவுக்கை தகரத்தைக் கொண்டு வரப் போறியோ?" மறுமொழி சொல்லாமல் நான் எழுந்து வெளியே போனேன்.

தகரம் என்ற சொல்லுக்கு நேர்ந்த கதியும் இரங்கத்தக்கதே. சங்கச் செய்யுட்களில் அது ஒரு நறுமண மரம். மகளிர் கூந்தலுக்குப் பூசும் சாந்து. பின்னர் வெள்ளீயத்துக்குப் பெயராயிற்று. 1829இல் இலண்டனிலே ஹென்றி றொபின்சன் பாமர் என்பவர் இரும்புத் தகட்டை நெளித்து வலுவூட்டும் முறைக்கு உரிமம் பெற்றார். மெல்லிய தகடும் நெளிந்தால் வளையாது தாங்கும் என்பதே அதன் நுட்பம். அதன்மேல் நாகம் பூசித் துருவைத் தடுக்கும் வழியைச் சில ஆண்டுகளில் பிரான்சிற் கண்டனர். நறுஞ்சாந்தின் பெயர், கடைசியாக, அகதிக் கொட்டகையின் கூரையிற் போய் ஏறிற்று.

நிறுவனத்தார் அனுப்பிய படத்தின்படி 2023 செப்ரெம்பரில் அத்திவாரம் போட்டோம். ஐந்து சட்டங்கள், பத்துத் தூண்கள், தூணொன்றுக்கு நான்காக நாற்பது போல்ட்டுகள் கொங்கிறீற்றில் நிமிர்ந்து நின்றன. மேசன் வேலையை நான் மேற்பார்வை செய்தேன் என்று சொல்ல விரும்புகிறேன். உண்மையில் நான் அவருக்குத் தேநீர் கொடுத்தேன்.

ஒக்டோபரில் லொறி வந்தது. மாலை ஆறு மணி, வானம் இருண்டிருந்தது. சாரதிக்கு அன்றிரவே கொழும்புக்குத் திரும்பவேண்டும். கட்டுக்கட்டாக இறக்கினர். பின்னர் ஒரு தாளை நீட்டி ஒப்பம் கேட்டனர். அது ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில், முன்னும் பின்னுமாக அச்சிட்டிருந்தது. நான் முன்பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்து ஒப்பமிட்டேன். பின்பக்கத்தைத் திருப்பவில்லை. 'வினாவை இறுதிவரை வாசித்த பின்னரே விடையெழுதுக' என்று இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஓதிவந்தவன் செய்த செயல் இது.

மறுநாள் கட்டுகளை அவிழ்த்துப் பார்த்தபோது என் நெஞ்சு சோர்ந்தது. நூற்றுக்கணக்கான உறுப்புகள், ஒவ்வொன்றிலும் ஓரெழுத்தும் ஓரெண்ணும். வழிகாட்டி நூலில் ஆங்கிலமும் சீனமும் இருந்தன, தமிழில்லை, சிங்களமுமில்லை. ஆங்கிலம் எனக்கு ஓரளவு வரும். ஆனால் அந்த ஆங்கிலம் நான் கற்ற ஆங்கிலமன்று. இரண்டு நாள் அகராதியோடு போராடிவிட்டு, சந்தியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒருவனைக் கூப்பிட்டனுப்பினேன்.

அவன் என் பழைய மாணவன். 2007ஆம் ஆண்டு பத்தாம் வகுப்பில் என்னிடம் தமிழ் படித்தான். ரகர றகரம் அவனுக்கு ஒருநாளும் வசப்பட்டதில்லை. கட்டுரைக் கொப்பி முழுவதும் சிவப்பு மையாகவே திருப்பிக் கொடுப்பேன். ஒருநாள் வகுப்பின் முன்னே, 'உனக்கும் எழுத்துக்கும் வெகுதூரம். ஒரு தொழிலைப் பார்' என்று சொன்னேன். அடுத்த தவணைக்கு அவன் வரவில்லை. குடும்பத்தின் வறுமையும் காரணமாயிருக்கலாம் என்று பிற்காலத்தில் நானே எனக்குச் சொல்லிக்கொண்டதுண்டு. இன்று முப்பதைக் கடந்து, மூவருக்கு வேலை கொடுக்கும் அவனை 'அவர்' என்றே எழுதவேண்டும்; ஆசிரியப் பழக்கம் விடவில்லை.

அவன் வந்து, வழிகாட்டி நூலின் எழுத்துகளை ஒருமுறையேனும் பார்க்கவில்லை. படங்களை மட்டும் புரட்டினான். பின்னர் நிலத்திற் பரந்து கிடந்தவற்றைக் காலால் மெல்லத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொண்டு போனான். "இது தீராந்தி, சேர். இது கைமரம். உது சிலாகை. இது முகட்டுக்குப் போற தகடு." இரண்டு நாளாக நான் அகராதியிலே தேடிய பொருள்களுக்கெல்லாம் அவன் வாயில் தமிழ்ப் பெயர் இருந்தது. அவனுக்குத் தமிழ் வராதென்று தீர்ப்பளித்தவன் அருகில் நின்று ஒரு கொப்பியில் அவற்றைக் குறித்துக்கொண்டேன்.

எண்ணி முடிய அவன் முகம் மாறியது. "சேர், காத்துக்குப் பிடிக்கிற கம்பி ஒண்டும் இல்லை." சட்டங்களுக்கிடையே குறுக்காக, பெருக்கற்குறிபோல் இழுத்துப் பூட்டும் கம்பிகள் எட்டு இருக்கவேண்டும். அவை இல்லாவிடினும் கட்டடம் நிற்கும். பார்ப்பதற்கும் குறை தெரியாது. ஆனால் நீளப்பாட்டிற்குக் காற்று அடிக்கும்போது சட்டங்கள் ஒன்றன்மேலொன்றாகப் புத்தகங்கள் சரிவதுபோற் சரியக்கூடும் என்று விளக்கினான். கல்வீட்டைக் காற்று தள்ளமட்டுமே பார்க்கும், இலேசான தகரக் கட்டடத்தையோ மேலே தூக்கவும் பார்க்கும் என்றும் சொன்னான்.

நிறுவனத்துக்குத் தொலைபேசியில் அறிவித்தேன், எழுதினேன், மீண்டும் எழுதினேன். அவர்களுடைய மறுமொழி மிக மரியாதையானது. பொருள்கள் யாவும் குறைவின்றிக் கிடைத்ததாகவும், நாற்பத்தெட்டு மணிநேரத்தின் பின் எழும் முறைப்பாடு ஏற்கப்படாதென்பதற்கு உடன்படுவதாகவும் நான் ஒப்பமிட்டிருக்கிறேனாம். பின்பக்கத்தில் அப்படியே இருந்தது. என் முறைப்பாடு நான்காம் நாளிற் போனது. விரும்பினால் அக்கம்பிகளை எண்பத்தையாயிரம் ரூபாவுக்கு வாங்கலாம், ஆறு வாரமாகும். அவர்கள் செய்தது முறையன்று என்பதே இன்றும் என் கருத்து. அதற்கு இடங்கொடுத்தவன் நான் என்பதையும் மறுக்கவில்லை.

இந்தக் கடிதப் போக்குவரத்திடையே மாரி தொடங்கிவிட்டது. கூரைத்தகடுகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கித் தறப்பாளால் இறுக மூடிவைத்திருந்தேன். அதுவே தவறாயிற்று. இடையிலே நீர் ஊறிக் காற்றுப் புகாதிருந்தால் நாகப் பூச்சின்மேல் வெள்ளை மாவுபோல் ஒரு துரு படரும். மேற்கட்டிலே எட்டுத் தகடுகள் அவ்வாறு கெட்டிருந்தன. தகடுகளைக் கட்டையின்மேல் சற்றுச் சரிவாக, காற்றோட்டம் விட்டு அடுக்கவேண்டும் என்பதை இதை வாசிப்பவர் எவரேனும் நினைவில் வைத்தால் என் எட்டுத் தகடும் வீண்போகவில்லை.

தை பிறந்தபின் பூட்டத் தொடங்கினோம். முதலில் அவன் ஒரு அளவுநாடாவை எடுத்து மூலைக்கு மூலை இழுத்தான். இரண்டு மூலைவிட்டங்களும் முப்பத்தாறடிக்கு மேல் முக்கால் அங்குலமளவில் ஒத்திருக்கவேண்டும். ஒன்று மற்றதிலும் ஒன்றரை அங்குலம் நீண்டிருந்தது. வடக்கு வரிசைப் போல்ட்டுகள் யாவும் ஏறத்தாழ ஓரங்குலம் கிழக்கே போய்விட்டன. நான் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது நேர்ந்தது அதுவாகும். அவன் கடிந்துகொள்ளவில்லை. தூண்களின் அடித்தகடுகளில் துளைகளை நீளமாக்கி, இரு வரிசையையும் அரையரை அங்குலம் நகர்த்தி, மேலே தடித்த தகட்டுத்துண்டு வைத்து இறுக்கினான். குறுக்குக் கம்பிகளைத் தன் பட்டறையிலேயே பதினாறு மில்லிமீற்றர்க் கம்பியில் நுனிகளுக்குப் புரி வெட்டிச் செய்து, நாகம் கலந்த மை பூசிக் கொண்டுவந்தான். ஆறு நாள் என்றது பத்தொன்பது நாளாயிற்று.

கூலிக் கணக்குப் பார்த்தபோது, கம்பிக்கான இரும்பு விலையை மாத்திரமே எழுதியிருந்தான். நான் வற்புறுத்தினேன். "பிள்ளையளுக்கு எண்டுதானே, சேர்," என்றான். 2007ஆம் ஆண்டு நான் சொன்னது அவனுக்கு நினைவிருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தேன்; முடியவில்லை. அடுத்த வாரம் தன் மகளைக் கூட்டிவந்து வகுப்பில் விட்டான்.

வெயிலுக்காக மேற்குப்புறம் கிடுகினால் ஒரு தாழ்வாரம் இறக்கினேன். அம்மா இரண்டு ஆண்டாக அதற்குள் அடியெடுத்து வைக்கவில்லை. தாழ்வாரம்வரை வருவார், பிள்ளைகளுக்குத் தண்ணீர் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் நாட்டையே உலுக்கியபோது எங்கள் ஊரும் தப்பவில்லை. மின்சாரம் நின்றுவிட்டது. நள்ளிரவுக்குப் பின் பழைய வீட்டின் ஓடுகள் கிளம்பி, அம்மாவின் கட்டிலின்மேல் நீர் கொட்டத் தொடங்கியது. போக்கிடம் மண்டபம் ஒன்றே. ஒரு கையில் அம்மாவையும் மறுகையில் விளக்கையும் பிடித்துக்கொண்டு மனைவி நடந்தாள். நான் பாயைச் சுமந்து பின்னே போனேன். மழை தகரத்தில் விழுந்த இரைச்சலில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கவில்லை. நான் குறுக்குக் கம்பி ஒன்றைப் பற்றியபடியே இருந்தேன். அது வீணைத் தந்திபோல் அதிர்ந்துகொண்டிருந்தது. அம்மா வாங்கில் இருந்து நெடுநேரம் கூரையையே பார்த்திருந்தார். விடியற்புறம் காற்றுத் தணிந்தபோது, "இரைச்சல்தான். ஆனால் ஒழுகேல்லை," என்றார். பின்பு உறங்கிப்போனார்.

மழை விட்டதும் அவன் ஸ்பனரோடு வந்தான். எட்டுக் கம்பிகளையும் தட்டித் தட்டி ஒலி பார்த்தான். ஒன்றில் மட்டும் நட்டு அரைச்சுற்றுத் தளர்ந்திருந்தது. அதை இறுக்கிவிட்டு, என்னிடம் வெண்கட்டி வாங்கி, அத்தூணிலே திகதியை எழுதி அதன் கீழ் 'இருக்கியது' என்று எழுதினான். என் கை சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவுக்குப் போயிற்று. பின்னர் கையை எடுத்துவிட்டேன். அந்த எழுத்து இன்னும் அங்கே அப்படியே இருக்கிறது.