கச்சேரி மேடையிலிருந்து கோயில் வீதிக்கு

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக என மலராசிரியர் பணித்தபோது, எம்முடன் ஒரே வாங்கிலிருந்து பயின்ற நண்பர், "கச்சேரியை ஏன் விட்டீர் என்பதையே எழுதுமேன்" என்றார். பல்லாண்டுகளாக எம்மைத் துரத்தும் வினா அது.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே இசை பயில எம்மை அனுப்புதற்கு எந்தையார் காணியை ஈடு வைத்தார். பட்டம் பெற்று மீண்ட நாம் கலியாண வீடுகளிலும் திருவிழாக்களிலும் பாடிப் பொருளீட்டிக் காணியை மீட்டோம். ஒரு திருவிழா இரவில், வழக்கம்போல் இறுதியிலே தேவாரமொன்று பாடி மேடையினின்றும் இறங்கினோம். மூதாட்டி ஒருவர் அணுகி, "நல்லாய்ப் பாடினீர், தம்பி. உந்தத் தேவாரத்துக்குக் கருத்தென்ன?" என்றார். சுரக் குறிப்போடு மனனஞ் செய்ததன்றிப் பொருளை நாம் எண்ணியதேயில்லை. ஏதோ சொல்லி மழுப்பினோம். அம்மழுப்பலை நம்பி அவர் கைகூப்பியதே எம்மை உறங்கவிடவில்லை.

அதன்பின் திருமுறைகளைப் பொருளுணர்ந்து கற்கத் தொடங்கினோம். கற்றதைக் கோயில்களிற் பண்ணோடு விரித்துரைத்தோம், உரைத்ததை எழுதினோம். கச்சேரிகள் அருகின. எந்தையார் எம்மோடு பேசுவதை நிறுத்தினார்.

அந்நாளில் எமக்குத் துணையாய் நின்றது அல்பேட் சுவைற்சரின் தன்வரலாறு. மாணவராயிருந்தபோது கல்லூரி நூலகத்திற் புரட்டிப் பார்த்து மூடிவைத்த நூல்தான். அல்சாசில் 1875ஆம் ஆண்டு பிறந்த அவர் பாரிஸ் பாக் சங்கத்தின் ஓர்கன் கலைஞர். ஸ்ராஸ்பேர்க் தேவாலயமொன்றிற் போதகர். இசைமேதை பாக் பற்றி 1905இல் நூலெழுதியவர். அவ்வாண்டிலேயே, முப்பதாம் வயதில், மருத்துவங் கற்று ஆபிரிக்கா செல்லத் துணிந்தார். அவருடைய இசையாசான் விடோர் கடிந்துகொண்டார். இசையைத் துறந்துவிட்டதாகவே சுவைற்சர் எண்ணியிருந்தார். ஆனால் 1913இல் லம்பரீனேக்குப் புறப்பட்டபோது, பாக் சங்கத்தார் ஓர்கன் மிதிகட்டைகள் பொருத்திய பியானோவொன்றை வெப்பநாட்டுக்கேற்பச் செய்வித்து அளித்தனர். வைத்தியசாலை வேலை ஓய்ந்த வேளைகளில் அதிலே பயின்றார்.

வேடிக்கையொன்றுண்டு. அவருடைய சமய ஆராய்ச்சிகளுக்கு அஞ்சி மிசன் சங்கத்தார் தயங்க, மீன்போல் வாய்மூடியிருப்பேன் என வாக்களித்தே அப்போதகர் கப்பலேறினார்! அங்கிருந்த மிசனரிமாரே பின்னர் அவ்வாக்கினின்றும் அவரை விடுவித்தனர். 1935இல் இந்தியச் சிந்தனை பற்றி அவரெழுதிய நூலில், நம்மவர் உலகை மறுப்போர் என்ற போக்கிற் கூறியவை எமக்கு உடன்பாடல்ல. ஆயினும், அந்நூலிலேயே திருக்குறளை மனமாரப் போற்றியவரோடு நெடுநாட் பிணங்கியிருக்கவும் இயலவில்லை.

எந்தையார் கதை எஞ்சியுள்ளது. மூன்றாம் ஆண்டில், ஊர்க்கோயிலிலே நாம் திருஞானசம்பந்தர் வரலாறு உரைத்த இரவு, தேர்முட்டியருகே இருளில் அவர் அமர்ந்திருக்கக் கண்டோம். வீடு திரும்பியதும் கைவிளக்கைத் தணித்துவைத்து, எம்மைப் பாராமலே வினவினார்: "ஏன் தம்பி, அந்தக் காந்தாரத்தை அவ்வளவு கெதியாய் முடிச்சனீ?"